முத்திரையைப் பார்த்தால் போதுமா?

தபால்காரர் வருவது குறைந்துவிட்டது என்று நம்மில் மூத்தவர்கள் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். கடிதங்கள் குறையவில்லை, அவை வரும் வழிதான் மாறிவிட்டது. வங்கி, வருமான வரி, பென்ஷன், மின்சாரம், கேஸ், இன்ஷூரன்ஸ் என்று முன்பு பழுப்பு நிற உறையில் வந்தவை எல்லாம் இப்போது மின்னஞ்சலாகக் கைபேசிக்குள் வந்து விழுகின்றன. அவற்றோடு கலந்து, அதே சின்னம், அதே தலைப்பு, அதே மரியாதையான வாசகங்களுடன் போலிக் கடிதங்களும் வருகின்றன. "உங்கள் கணக்கு இன்றிரவு முடக்கப்படும்", "கூடுதலாகச் செலுத்திய வரி திரும்ப வரவிருக்கிறது, விவரங்களை உறுதி செய்யவும்", "உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, பாஸ்வேர்டைப் புதுப்பிக்கவும்." இவற்றில் ஒன்றையாவது பார்க்காத குடும்பம் நம் சங்கத்தில் இருக்காது.

போலியைக் கண்டுகொள்வது எப்படி என்று பத்திரிகைகளும் வங்கிகளும் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. நாம் அடிக்கடி கேட்கும் அறிவுரை, "எழுத்துப்பிழை இருக்கிறதா, ஆங்கிலம் சரியாக இருக்கிறதா பாருங்கள்" என்பது. இந்த அறிவுரையை நாம் மறந்துவிட வேண்டும் என்பது என் கருத்து. ஒரு காலத்தில் அது பயன்பட்டது உண்மை. இன்று செயற்கை நுண்ணறிவுச் சாதனங்கள் பிழையில்லாத ஆங்கிலத்தில், இந்தியில், ஏன், நல்ல தமிழிலும்கூட நொடியில் கடிதம் எழுதித் தருகின்றன. பிழை தேடிப் பழகியவர், பிழையில்லாத கடிதத்தைக் கண்டதும் "இது அசல்தான்" என்று நிம்மதி அடைந்துவிடுகிறார். காப்பாற்ற வேண்டிய அறிவுரையே அவரைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளுகிறது.

கடிதத்தின் முகத்தைப் பார்த்து உண்மையா பொய்யா என்று தீர்மானிக்கும் பழக்கத்தையே விட்டுவிட வேண்டும். கடிதம் எப்படி இருக்கிறது என்பது கேள்வி அல்ல. அது நம்மை எந்த வழியில் போகச் சொல்கிறது என்பதுதான் கேள்வி.

தலைநகரில் வாழும் தமிழர்களுக்கு இது மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பொருந்தும். நம்மில் பலர், அல்லது நம் பெற்றோர்கள், ஷார்ட்ஹேண்டும் டைப்ரைட்டிங்கும் படித்துவிட்டு ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறி வந்து, மத்திய அரசு அலுவலகங்களில் குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் சேர்ந்தவர்கள். கடிதம் எழுதுவதும், கடிதத்திற்குப் பதில் எழுதுவதும், குறித்த தேதிக்குள் அதை முடிப்பதுமே நம் பிழைப்பாக இருந்தது. அரசாங்கக் கடிதம் வந்தால் அன்றே கவனிப்பது நம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஒரு பில்லைக் கடைசித் தேதி தாண்டிக் கட்டியது உண்டா நாம்? மோசடிக்காரன் பயன்படுத்திக்கொள்வது நம் பேராசையை அல்ல. பெரும்பாலும் இந்த ஒழுங்கைத்தான். "உடனே கவனிக்கவும்" என்று எழுதியிருந்தால் உடனே கவனிக்கிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைகள் பெங்களூருவிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். ஊரில் என்றால் பக்கத்துத் தெருவில் அண்ணனோ மச்சானோ இருப்பார். "இதைக் கொஞ்சம் பாரு" என்று காட்டலாம். இங்கே காட்ட ஆளில்லை. கணவர் இருந்தவரை எல்லாக் காகிதங்களையும் அவரே பார்த்துக்கொண்டார். இன்று குடும்ப பென்ஷன் வாங்கும் அம்மையார் தனியாக உட்கார்ந்து அந்த ஆங்கிலக் கடிதத்தைப் படிக்கிறார். அதைக் குறிவைத்தே கடிதம் எழுதப்படுகிறது.

ஒரு மின்னஞ்சல் எப்படி வேறொருவர் பெயரில் வர முடிகிறது என்று பலர் வியக்கிறார்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நாம் இன்லண்ட் லெட்டர் எழுதிய நாட்களை நினைத்துப் பாருங்கள். பின்பக்கம் "அனுப்புநர்" என்று ஓர் இடம் இருக்கும். அதில் நான் என் பெயரையும் எழுதலாம், ஜனாதிபதி மாளிகையின் விலாசத்தையும் எழுதலாம். தபால் இலாகா அதைச் சரிபார்த்ததே இல்லை. மின்னஞ்சலை அனுப்பும் முறை 1982 ஆம் ஆண்டு விதிகளாக வகுக்கப்பட்டபோதும் அப்படித்தான் இருந்தது. ஒருவரை ஒருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்திய வசதி அது. அனுப்புநர் பெயரை அனுப்புகிறவரே எழுதிக்கொள்வார். பின்னாளில் சரிபார்க்கும் ஏற்பாடுகள் பல சேர்க்கப்பட்டன. அவற்றால் பெரும் நன்மையும் உண்டு. ஆனாலும் பெயர் இருக்கும் இடத்தில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது இன்றும் மாறவில்லை. கைபேசித் திரை சிறியது. அது பெயரை மட்டும் காட்டிவிட்டு விலாசத்தை மறைத்துக்கொள்கிறது. பெயரின் மேல் விரலை வைத்தால்தான் உண்மையான விலாசம் தெரியும்.

இந்த வித்தை புதியதும் அல்ல. 1990களின் நடுவில், அமெரிக்காவில் ஏ.ஓ.எல். என்ற இணையச் சேவையின் ஊழியர்கள்போல் நடித்து, "உங்கள் கணக்கைச் சரிபார்க்கிறோம், பாஸ்வேர்டு சொல்லுங்கள்" என்று கேட்டு வாங்கியவர்கள் இருந்தார்கள். "ஃபிஷிங்" என்ற சொல் பிறந்ததே அந்தச் சமயத்தில்தான். எங்கள் ஊழியர் யாரும் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கமாட்டார்கள் என்று அந்த நிறுவனம் அப்போதே எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளாக அதே தூண்டில், அதே புழு.

விலாசத்தைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. இதற்கு நமக்குப் பழக்கமான பின்கோடே உதாரணம். 1972 ஆகஸ்ட் 15 இல் வந்தது அது. உறையின் மேல் மயிலாப்பூர் என்று எத்தனை அழகாக எழுதினாலும், கடைசி வரியில் 110 என்று தொடங்கும் எண்ணை எழுதினால், கடிதத்தைப் பிரிப்பவர் அதைத் தில்லிப் பையில்தான் போடுவார். வலைத்தள விலாசமும் அப்படித்தான். முதல் சாய்வுக் கோட்டுக்கு முன்னால், வலது கோடியில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். "இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்" என்று முடிந்தால் அது வருமான வரித்துறை. "இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் டாட் ரீஃபண்ட்" என்று போய், கடைசியில் "டாட் காம்" என்று முடிந்தால், முன்னால் உள்ள அத்தனையும் வெறும் அலங்காரம். ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் போலத் தெரியும். எல் எழுத்துக்குப் பதில் ஒன்று என்ற எண்ணைப் போட்டால் நம் வயதுக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விலாசத்தின் அருகில் தெரியும் பூட்டுச் சின்னத்தையும் நம்பிவிடக் கூடாது. நாம் தட்டுவதை வழியில் வேறொருவர் படிக்க முடியாது என்றுதான் அந்தப் பூட்டு சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்று அது சொல்லவில்லை.

அரசாங்கமும் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. "கவ் டாட் இன்" என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. அதுபோல் வங்கிகளுக்கென்றே "பேங்க் டாட் இன்" என்ற முடிவை ரிசர்வ் வங்கி 2025 இல் ஏற்படுத்தி, அந்த ஆண்டு அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் தங்கள் வலைத்தளங்களை அதற்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்கள் வங்கியின் தளம் எப்படி முடிகிறது என்று ஒருமுறை பார்த்துப் பாஸ்புக் உறையின் மேல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எழுபது வயதில் ஒவ்வொரு விலாசத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு நாள் அசந்துவிட்டால் போதும். ஆகவே, இதைவிட எளிமையான, உறுதியான ஒரு வழி வேண்டும். அது நம் பழைய அலுவலகத்திலேயே இருக்கிறது.

நான் பணியாற்றிய பிரிவில், சந்தேகத்திற்கிடமான கடிதம் வந்தால் அதில் அச்சிட்டிருக்கும் டெலிபோன் எண்ணை அழைக்கமாட்டோம். அலுவலக டைரக்டரியை எடுத்து, அந்த இலாகாவின் எண்ணை அதில் பார்த்து அழைத்து, "இந்த எண்ணுள்ள கடிதம் உங்களிடமிருந்து வந்ததா?" என்று கேட்போம். கடிதம் தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்ல முடியாது; சாட்சி வெளியிலிருந்து வர வேண்டும். அன்று எங்கள் செக்ஷன் ஆபீசர் கற்றுக்கொடுத்த இந்த விதி, இன்று கம்ப்யூட்டர் நிபுணர்கள் சொல்லும் எந்த விதிக்கும் குறைந்ததல்ல.

இதை ஒவ்வொரு கடிதத்திலும் கடைப்பிடித்துப் பாருங்கள். வரித்தொகை திரும்ப வருகிறது என்று மின்னஞ்சலா? அதில் உள்ள லிங்கைத் தொடாதீர்கள். நீங்களே வருமான வரித்துறையின் தளத்திற்குப் போய்ப் பாருங்கள், அல்லது உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். திரும்பத் தரும் தொகை, நீங்கள் அந்தத் தளத்தில் முன்பே உறுதி செய்து வைத்திருக்கும் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அதற்காகக் கார்டு எண்ணும் பின் நம்பரும் மின்னஞ்சலில் கேட்கப்படுவதில்லை. நோட்டீஸ் வந்திருக்கிறதா? 2019 அக்டோபர் 1 முதல் அந்தத் துறையின் கடிதங்களில் ஓர் அடையாள எண் இடும் முறை உண்டு. அந்த எண் உண்மையானதா என்று துறையின் தளத்திலேயே பார்த்துவிடலாம். நம் பழைய டெஸ்பாட்ச் நம்பர்தான் அது.

பென்ஷன்காரர்களுக்கு நவம்பர் மாதம் வந்தால் உயிர்ச் சான்றிதழ் ஞாபகம் வரும். மோசடிக்காரர்களுக்கும் அதே மாதத்தில்தான் ஞாபகம் வருகிறது. எங்கள் குடியிருப்பில் ஓர் அம்மையாருக்கு, "உயிர்ச் சான்றிதழ் வந்து சேரவில்லை, பென்ஷன் நிறுத்தப்படுகிறது, இங்கே அழுத்தவும்" என்று மின்னஞ்சல் வந்தது. அவருக்குக் கம்ப்யூட்டர் ஞானம் அதிகம் கிடையாது. மறுநாள் காலை பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு, சைக்கிள் ரிக்ஷாவில் ஏறி வங்கிக் கிளைக்கே போய்விட்டார். சான்றிதழ் பத்து நாள் முன்பே பதிவாகிவிட்டது என்று அங்கே சொன்னார்கள். கடிதம் அசலா போலியா என்று அவர் ஆராயவே இல்லை. ஆராய வேண்டிய அவசியமும் அவருக்கு இருக்கவில்லை. தான் எப்போதும் போகும் வழியில் போனார், தப்பித்தார். நான் சொல்ல வந்ததன் சாரம் முழுவதும் அந்த ரிக்ஷாப் பயணத்தில் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. "நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்" என்று கூகுளில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடுவது நம் சொந்த வழி ஆகாது. அங்கேயும் போலி எண்களைப் போட்டுவைத்துக் காத்திருக்கிறார்கள். கார்டின் பின்புறம், பாஸ்புக்கில், பழைய பில்லில் அச்சிட்டிருக்கும் எண்தான் நம் டைரக்டரி. அதேபோல், "உதவி செய்கிறேன், இந்த ஆப்பைப் போடுங்கள்" என்று நம் திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் செயலியை ஏற்றச் சொன்னால், அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள். வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பதும் அதுவும் ஒன்றே. இதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 லேயே எச்சரித்திருக்கிறது.

நம்மை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. "லிங்கை அழுத்தாதீர்கள்" என்று காலையில் எச்சரிக்கை அனுப்பும் வங்கி, மாலையில் "கடன் சலுகை, இங்கே அழுத்துங்கள்" என்று தானே லிங்க் அனுப்புகிறது. கிளைக்குப் போனால் "ஆப்பில் செய்துகொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு வாடிக்கையாளர் தன் சொந்த வழியில் போய் விசாரிக்க வேண்டுமானால், அந்த வழி திறந்திருக்க வேண்டும். கவுன்ட்டரில் ஒரு மனிதர் இருக்க வேண்டும். மூத்தவர்களுக்கு அனுப்பும் கடிதங்களில் லிங்கே வைக்கக் கூடாது, "உங்கள் கிளைக்கு வாருங்கள், அல்லது கார்டின் பின்புறம் உள்ள எண்ணை அழையுங்கள்" என்று மட்டும் எழுத வேண்டும் என்று நாம் கேட்பதில் தவறே இல்லை. அசல் கடிதங்கள் ஒழுங்காக இருந்தால்தான் போலி தனியாகத் தெரியும்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் ஏமாந்துவிட்டால்? இந்த இடத்தில்தான் நம் குடும்பங்கள் பெரிய பிழை செய்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு நண்பர், பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், பணம் போனதை மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகள் என்ன நினைப்பார்களோ, "அப்பாவுக்கு வயதாகிவிட்டது" என்று சொல்வார்களோ என்ற வெட்கம். அந்த மூன்று நாளில் மீட்க முடிந்ததும் கைவிட்டுப் போயிற்று.

திருடிய பணம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று ஓடி, ஏ.டி.எம்மில் ரொக்கமாகிவிடுகிறது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே தடுத்தால்தான் உண்டு. அதற்கென்றே 1930 என்ற உதவி எண் நாடு முழுவதற்கும் இருக்கிறது. அங்கே சொன்னதும், பணம் போன வழியில் உள்ள வங்கிகளுக்குத் தகவல் போய், மிச்சம் இருப்பது நிறுத்தி வைக்கப்படுகிறது. கையோடு உங்கள் வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 இல் வெளியிட்ட விதிகள் இதை இன்னும் தெளிவாக்குகின்றன. வாடிக்கையாளர் தானே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டாலும், வங்கிக்குச் சொல்லும்வரை ஏற்பட்ட நஷ்டம்தான் அவருடையது. சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் வேறெங்கோ நேர்ந்த குற்றத்தை, வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால், அவருக்கு நஷ்டமே கிடையாது. அதாவது, சொல்வதில் ஏற்படும் தாமதம் பணமாகவே கழிகிறது. வெட்கத்திற்கு நாம் கொடுக்கும் விலை அது.

ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அப்பாவோ அம்மாவோ "ஏமாந்துவிட்டேன்" என்று போன் செய்தால், முதல் வாக்கியம் "எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்" என்பதாக இருக்கக் கூடாது. "1930க்குச் சொல்லிவிட்டீர்களா?" என்பதாக இருக்கட்டும். அடுத்து, "இனிமேல் உங்களுக்கு நெட் பேங்கிங் வேண்டாம், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர்கள் கையிலிருந்து கணக்கைப் பிடுங்காதீர்கள். நாற்பது ஆண்டுகள் சம்பாதித்து, குடும்பத்தை நடத்தி, தெரியாத ஊரில் வீடு கட்டியவர்கள் அவர்கள். அவர்களுடைய பணம், அவர்களுடைய தீர்மானம். அன்றாடச் செலவுக்கு ஒரு சிறிய கணக்கு, சேமிப்புக்கு வேறொரு கணக்கு, அனுப்பும் தொகைக்கு ஓர் உச்சவரம்பு என்று வைத்தால் ஆபத்து குறையும், சுதந்திரமும் இருக்கும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது, வந்த சந்தேகக் கடிதங்களைச் சேர்ந்து பாருங்கள். பரீட்சை வைப்பதுபோல் அல்ல, குறுக்கெழுத்துப் புதிர் போடுவதுபோல்.

நம் சங்கமும் செய்யக்கூடியது உண்டு. பொங்கல் விழா, நவராத்திரி, இசை விழா என்று கூடுகிறோம். அந்தக் கூட்டங்களில் ஒரு மூலையில் ஒரு மேஜையைப் போட்டு, விஷயம் தெரிந்த இளைஞர்கள் இருவர் உட்கார்ந்தால் போதும். "இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் பாரப்பா" என்று கேட்க ஓர் இடம் கிடைக்கும். ஊரில் அண்ணனும் மச்சானும் செய்ததை இங்கே சங்கம் செய்யட்டும். தில்லியில் முதலில் வந்து இறங்கியவர்களுக்கு அறை பார்த்துக் கொடுத்ததும், ரேஷன் கார்டு எடுத்துக் கொடுத்ததும், இந்தி விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததும் முன்னால் வந்த தமிழர்கள்தானே? இதுவும் அதே வேலையின் தொடர்ச்சிதான்.

அதுவரை ஒரு விதியைப் பெரிய எழுத்தில் எழுதி டெலிபோன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்: கடிதம் காட்டும் வழியில் போகாதே, உனக்குத் தெரிந்த வழியில் போ. அவசரம் என்று எழுதியிருந்தால், ஒரு காபி குடித்துவிட்டுப் போ. உண்மையான வங்கி அந்தக் காபி நேரத்தில் எங்கும் ஓடிவிடாது.